போஸ்ட் கார்டு கனம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை சோணைமுத்து மோட்டார் சைக்கிளின் வலப் பக்கம் சாக்கை விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பானர்களைச் சாக்கின்மேல் ஒன்றோடொன்று படாமல் இடம் விட்டு அடுக்கியிருந்தார். அவர் மனைவி, அதாவது என் தங்கை சோலையம்மாள், நிலைப்படியில். மடியில் சொளகு, சொளகில் உளுந்து. ஆனால் கை அசையவில்லை. மாப்பிள்ளையின் மதினி வேலுத்தாய் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட மண்தொட்டியின்மேல். அவளுடைய புருஷன், மாப்பிள்ளையின் அண்ணன் இருளாண்டி, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் வெடித்து இறந்தபிறகு அவளும் இந்த வீட்டோடுதான் இருக்கிறாள். நான் ஆண்டிச்சாமி, பருப்பு மண்டியில் தபால் எழுதுகிறவன். தெருவை ஒட்டி, பட்டாசுக் கம்பெனி முத்திரை போட்ட பலகைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. ஆவணி மாதம். தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது.

வண்டி கம்பெனியுடையது. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையின்போது மிலிட்டரிக்காரர்கள் ஓட்டியதை முதலாளி மதுரையில் ஏலம் எடுத்தார். பழைய பச்சைச் சாயம் பெட்ரோல் டாங்கியின் அடியில் இன்னும் இருந்தது. காலையில் விருதுநகர் ரயில்வே குட்ஸ் ஆபீசில் வேகனுக்கு எழுதிப்போட்டு, ரசீதையும் தபாலையும் வாங்கிக்கொண்டு, ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டாசு யூனிட்டுக்குப் போகவேண்டும். அங்கே லோடு விவரம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பவேண்டும். அதுதான் மாப்பிள்ளையின் வேலை. அதற்கு முன்னால் அவரும் அண்ணனோடு மருந்து கலக்கியவர். அண்ணன் இறந்த அன்று அவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். எழுந்து போனபோது முதலாளி இந்த வண்டிச் சாவியைக் கொடுத்தார். இனி மருந்து ரூம் வாசலை மிதிப்பதில்லை என்று அவர் சொன்னபிறகுதான் நாங்கள் பெண் கொடுத்தோம்.

இப்போது அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

ஆடிக் கடைசியில் அச்சங்குளம் பக்கம் வேறொரு யூனிட்டில் தீப்பிடித்தது. புகை இவர்கள் யூனிட் வரைக்கும் தெரிந்ததாம். அதிலிருந்து இங்கே வேலை செய்யும் பெண்களுக்கு எந்தச் சத்தமும் ஆவதில்லை. அதிலும் இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி எழுந்து பொட்டலுக்கு ஓடிவிடுகிறார்கள். பட்டாசு ரூம்களில் இரும்பே ஆகாது. கரண்டி மரத்தில் இருக்கும், சல்லடைச் சட்டமும் மரம். செருப்பில் ஆணி இருந்தால் வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டும். இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் பிறகு சொல்வதற்கு ஆள் இருக்காது. அப்படிப் பழகியவர்கள் காதில், மாப்பிள்ளையின் வண்டி டக்கு டக்கென்று ஆணி அறைகிற மாதிரி தட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்?

முதல் தடவை ஓடியபோது எல்லாரும் சிரித்தார்களாம். அப்புறம் போர்மேன் சீனிவாசகம் சிரிக்கவில்லை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோகலாமே என்று நான் கேட்டேன். அதையும் மாப்பிள்ளை செய்து பார்த்துவிட்டார். பொட்டல் காடு. ரோட்டில் வரும்போதே சத்தம் ரூமுக்குள் போய்விடுகிறது.

சனிக்கிழமை போர்மேன் சொல்லி அனுப்பியது இதுதான்: திங்கட்கிழமை அந்தச் சத்தத்தோடு வரக்கூடாது. வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு மருந்து ரூமுக்குப் போய்விட வேண்டும். கலக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் சீசன் நிற்கிறது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எஞ்சினுக்குள் கதவு மாதிரி திறந்து மூடுகிற இரண்டு வால்வு. ஒவ்வொன்றையும் கீழேயிருந்து தூக்கிவிட ஓர் இரும்புக் குச்சி. அதற்கு டேப்பட் என்று பெயர். குச்சியின் தலைக்கும் வால்வின் காலுக்கும் நடுவே சின்னச் சந்து இருக்கும். அந்தச் சந்தில்தான் தட்டுகிறது. மதுரை ரோட்டில் லாரிக்கு வேலை பார்க்கும் ராக்கப்பன் இரண்டு தடவை திருகிக் கொடுத்தார். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நிறுத்தச் சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். சூடு ஏறினால் வால்வின் கால் நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும், ஒரு போஸ்ட் கார்டு கனமாவது சந்து விடவேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்பானரை மட்டும் இரவல் கொடுத்தார். “நீயே திருகிக்க. எங்கையால அந்தப் பாவத்த செய்ய மாட்டேன்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

“மச்சான், போஸ்ட் கார்டு இருக்கா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

“புதுசால்ல இருக்கு. எழுதுனது ஒண்ணு இருந்தாலே போதுமே.”

“எழுதுனத எல்லாம் தபால்ல போட்டுட்டேன் மாப்ள.”

“வீணாப் போகுதே” என்றாள் வேலுத்தாய். “எந்த ஊருக்காவது ஒரு நல்லது கெட்டது சொல்லியிருக்கும்.”

மாப்பிள்ளை கார்டை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொண்டார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு குச்சிகளும் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு நின்றன. அடுத்து மேலே பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். வண்டி ஸ்டாண்டில் நின்றது, கியரில் இருந்தது.

“மதினி, சக்கரத்த மெதுவாத் தள்ளுங்க. காத்து வந்து வெரல முட்டுனதும் சொல்றேன். அப்ப நிறுத்தணும்.”

“திரி சுத்துன கைய்யா. சக்கரம் சுத்துறதா பெருசு” என்று அவள் ஆரக்கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். அவளும் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். இருளாண்டி போனபிறகு போகவில்லை.

காற்று முட்டியது; அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். மாப்பிள்ளை கார்டுத் துண்டைச் சந்துக்குள் விட்டு, குச்சியின் தலையைத் திருகி, துண்டு லேசாகப் பிடிக்கிற அளவுக்கு உயர்த்தி, கீழ் நட்டை இறுக்கினார். இறுக்கும்போது ஸ்பானரின் வாலைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டவேண்டும் என்று ராக்கப்பன் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை சுத்தியை எடுக்கவேயில்லை. உள்ளே போய் மத்தை எடுத்து வந்து, மரத்தால் தட்டினார்.

“அது மோர் கடையுற மத்துங்க” என்றாள் சோலையம்மாள்.

“கழுவித் தாரேன்.”

“கழுவுனா எண்ணெய் போயிருமாக்கும். நாளைக்கு மோர்ல பெட்ரோல் மணக்கும்.”

பிளக்கைப் போட்டு உதைத்தார். வண்டி கிளம்பியது, டக்கு டக்கென்று. எங்கள் காதுக்கு முன்னைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் காது போதாது என்று மாப்பிள்ளை சொன்னார். “மதினி, நீங்க தெருக்கோடியில சீமெண்ணெய்க் கடைகிட்டப் போய் எங்களுக்கு முதுகக் காட்டி நில்லுங்க. ரூம்ல உக்காந்திருக்கிற மாதிரி நெனச்சுக்கங்க. எந்திரிச்சு ஓடணும்னு தோணுச்சுன்னா கையத் தூக்குங்க.”

வேலுத்தாய் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கடைக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றாள். மாப்பிள்ளை வண்டியை உறுமவிட்டார். அவள் கை உடனே மேலே போனது. தூக்கிய கை சற்று நேரம் இறங்கவுமில்லை.

எஞ்சின் ஆறுகிறவரை காத்திருக்கவேண்டும். சூட்டில் திருகினால் கணக்குத் தப்பும். அந்த விஷயத்தில் மாப்பிள்ளை ராக்கப்பன் சொன்னதை மீறவில்லை. மருந்து கலக்கியவர், அவசரப்பட மாட்டார். புறங்கையை எஞ்சின்மேல் வைத்துப் பார்ப்பார், எடுத்துவிடுவார். நடுவில் இருமல் வரும். அலுமினியப் பொடி நெஞ்சில் தங்கிவிட்டது என்று அவரே சொல்வார். மூட்டை தூக்கும் வேலைக்கு மண்டியில் அவருக்காக நான் கேட்டுப் பார்த்தபோது, அந்த இருமலைக் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். எண்ணெய் செக்குக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை போஸ்ட் கார்டு வேண்டாம், கவர்த் தாள் கனம் போதும் என்றார். என் பையிலிருந்து ஒரு கவரும் போயிற்று. வேலுத்தாய் மறுபடியும் தெருக்கோடிக்குப் போனாள். கை மேலே போனது, ஆனால் முன்னைவிடத் தயங்கிப் போனது.

அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து திரி சுற்றும் மெல்லிய தாள் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிசு.

“ராக்கப்பண்ணன் போஸ்ட் கார்டு கனம்னுல்ல சொன்னாக” என்றாள் சோலையம்மாள்.

“அவருக்கென்ன. லாரிக்காரன் சத்தத்துக்கு யாரும் எந்திரிச்சு ஓடுறாகளா?”

“இல்ல, கெட்டுப்போகும்னு...”

“ஏ புள்ள, வெடியில சந்து இருந்தா என்ன ஆகும்? புஸ்ஸுன்னு போகும். மருந்துக்கும் மூடிக்கும் நடுவுல காத்து இருக்கக்கூடாதுன்னு எங்கண்ணன் என்னையக் குட்டிக் குட்டிச் சொல்லிக்குடுத்தான். இறுக்கம்தான் சாமானுக்கு நல்லது. சந்து விட்டு நல்லாருந்த ஒரு சாமான நான் பாத்ததில்ல.”

“இது வெடி இல்லியே மாப்ள” என்றேன் நான்.

அவர் குச்சியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “தெரியும் மச்சான். இருந்தாலும் எனக்கு வேற என்ன தெரியும்?”

தாள் கனத்திலும் வேலுத்தாயின் கை பாதி உயரம் போனது. “என்னமோ ஒரு மூலையில தட்டுது தம்பி. நான் ஒருத்தி பயந்தவ, விட்டுருங்க” என்றாள் திரும்பி வந்து.

“அங்க அம்புட்டுப் பேரும் பயந்தவுக மதினி.”

கடைசியாக வெயில் தாழ்ந்தபின், சந்துக்குள் எதையும் விடாமல் இரண்டு குச்சியையும் வால்வின் காலோடு ஒட்டவைத்தார். ஒட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அந்த விரல் நுனிகளெல்லாம் மருந்து தின்று மரத்துப்போனவை, அவற்றுக்கு என்ன தெரிந்ததோ. நட்டை இறுக்கி மத்தால் தட்டினார். வண்டியை உதைத்தார்.

புகைக்குழாயின் சத்தம் மட்டும் இருந்தது. தட்டுகிற சத்தம் இல்லை.

வேலுத்தாய் தெருக்கோடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கை தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை உறுமவிட்டார், தணித்தார், மறுபடி உறுமவிட்டார். அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்து அவளாகவே திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“ஆரம்பிச்சுட்டீகளா, இனிமேத்தானா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

சோலையம்மாள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. காலையிலிருந்து மடியில் இருந்த உளுந்தை அப்போதுதான் புடைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை நடந்ததை மாப்பிள்ளை வாயால் கேட்டேன். ரோட்டிலிருந்து யூனிட் பக்கம் திரும்பும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டாராம். கேட்டைத் தாண்டி, முதல் ரூமைத் தாண்டி, பேக்கிங் கொட்டகை வரை போய் நிறுத்தியபிறகும் யாரும் வெளியே வரவில்லை. தாள் குழாய் உருட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி மட்டும் தலையைத் தூக்கி, “என்னலே, வண்டிய வித்துட்டு நடந்தா வந்தே?” என்றாளாம். போர்மேன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இப்படியே வச்சுக்க” என்று சொன்னாராம்.

அன்று சாயங்காலம் நான் போனபோது சோலையம்மாள் பெட்டியிலிருந்து ஒரு பழைய சட்டையையும் அரைக்கால் சட்டையையும் எடுத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை மருந்து ரூமில் போட்டிருந்தவை. எத்தனை தடவை துவைத்தும் வெள்ளிப் பொடி போகாமல் மடிப்பெல்லாம் மினுங்கின. என் கண்முன்னால் அவற்றை நீளநீளமாகக் கிழித்தாள்.

“வண்டி தொடைக்கத் துணி கேட்டாகண்ணே” என்றாள். கிழிக்கும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் எழுத முயல மாட்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டி ஓடியது. ஏற்றத்தில் கொஞ்சம் சோம்புகிறது என்று புதன்கிழமை மாப்பிள்ளை சொன்னார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பான் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். எஞ்சினிலிருந்து புகைக்குழாய் பிரியும் இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருப்பதை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை சாத்தூரைத் தாண்டி வரும்போது வண்டி நின்றது. உதைத்தால் உதை தாங்கவில்லை. தண்ணீருக்குள் காலை விட்டமாதிரி கிக்கர் சும்மா இறங்கியது என்றார். பருத்தி ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டிக்காரன் மோட்டார் சைக்கிளைப் பருத்தி மூட்டைகளின்மேல் படுக்கவைத்துக் கட்டி, மறுநாள் காலையில் ஊர் கொண்டுவந்து சேர்த்தான். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராக ராக்கப்பன் பட்டறைக்குத்தான் போனார்கள். மண்டியிலிருந்து நானும் போனேன்.

ராக்கப்பன் மேல்மூடியைக் கழற்றி, கரியைச் சுரண்டி, புகை போகிற பக்கத்து வால்வை உருவி எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். வட்டமாக இருக்கவேண்டிய விளிம்பில் ஒரு பக்கம் தின்றுபோய் இருந்தது. அடுப்பில் மறந்துவிட்ட தோசையின் ஓரம்போல.

“போஸ்ட் கார்டு எங்கப்பா?” என்றார்.

மாப்பிள்ளை தின்றுபோன விளிம்பை விரலால் தடவினார்.

“சூட்டுல கால் நீண்டு, மூட வேண்டியது மூடாம, வாயத் தொறந்துக்கிட்டே ஓடிருக்கு. நெருப்பு பூராவும் இந்த வழியா போயிருக்கு. இதத்தானய்யா சொன்னேன்.”

“சொன்னீக.”

“பெறகு?”

“சத்தம் இருந்தா திங்கக்கெழமையே மருந்து ரூமுக்குப் போயிருப்பேண்ணே. இப்ப வெள்ளிக்கெழமை.”

ராக்கப்பன் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது. “ஒம் எடத்துல இருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன் போ” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இந்த வண்டிக்கு வால்வு எங்கயும் கெடைக்காது. வேற வண்டியோடத கடைஞ்சு போடணும். உக்காருற எடமும் கருகிருக்கு. மதுரைக்கு அனுப்பணும். அனுப்புனாலும் மறுபடி சந்து விட்டுத்தான் போடுவாக.”

அந்தக் கடைசிப் பேச்சில் எல்லாம் முடிந்துபோனது. வண்டி சரியாகி வந்தால் தட்டும். தட்டினால் யூனிட்டுக்குள் போகமுடியாது. தட்டாமல் வைத்தால் கருகும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அப்படியும் மூன்று பேரும் பட்டறை வாசலில் ரொம்ப நேரம் யோசிக்கிற மாதிரி நின்றோம்.

மறுநாள் போர்மேன் சீனிவாசகமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். பலகைப் பெட்டியைத் துடைத்துப் போட்டோம். அவர் உட்காரவில்லை. கெட்டவர் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்.

“சோணைமுத்து, வண்டிய மதுரைக்கு அனுப்பச் சொல்லிட்டாக முதலாளி. வரட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் நீ மருந்து ரூமுக்கு வந்துரு. கலக்க ஆளில்லாம பிள்ளைக எல்லாம் வெறுங்கையோட உக்காந்திருக்கு. ஆர்டர் பூராவும் நிக்கிது.”

“சரிங்க ஐயா.”

“ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துரு. எஞ்சொந்தச் சம்மதத்துல வர்றேன்னு. அந்தப் பக்கத்துத் தீக்கப்புறம் அதெல்லாம் கேக்குறாக.”

“மச்சான் எழுதுவாரு.”

வேலுத்தாய் நிலைக்கு உள்ளே நின்றபடி கேட்டாள்: “அவுக அண்ணன் இருந்த ரூமா?”

போர்மேன் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று பார்த்தார். “அத அப்பவே மாத்திக் கட்டியாச்சு தாயி. புது ஓடு. ரெண்டு பக்கமும் வாசல் வச்சிருக்கு.”

“அப்பவும் ரெண்டு வாசல்தான் இருந்துச்சு” என்றாள் அவள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார். “கலக்கும்போது எங்கூட யாரும் இருக்க வேண்டாங்கய்யா. அண்ணன்கூட அன்னிக்குச் சல்லடை பிடிச்ச பிள்ளை... அது மாதிரி வேண்டாம்.”

“சீசன்ல அப்படிச் சொல்ல முடியுமா? பாக்கலாம்” என்றார் போர்மேன். பழத்தைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

கடிதத்தை அன்றே எழுத உட்கார்ந்தோம். நான் பலகைப் பெட்டியை மேஜையாக்கித் தரையில். மாப்பிள்ளை எனக்கு எதிரே. சோலையம்மாள் அதே நிலைப்படியில். வேலுத்தாய் உள்ளே இருந்தாள், அம்மி அரைபடும் சத்தம் கேட்டது.

சமுகம் முதலாளி அவர்களுக்கு என்று தொடங்கி, வண்டி பழுதுபட்டதையும், தங்கள் உத்தரவுப்படி வருகிற திங்கட்கிழமை முதல் மருந்து கலக்கும் வேலைக்கு என் சொந்தச் சம்மதத்தின் பேரில் வர ஒப்புக்கொள்கிறேன் என்பதையும் எழுதினேன்.

“அண்ணே, அதுக்குக் கீழ ஒண்ணு எழுதுங்க” என்றாள் சோலையம்மாள். “வண்டி சரியாகி வந்துச்சுன்னா, பழைய வேலையவே இவுகளுக்குக் குடுக்கணும்னு.”

எழுதினேன். பணிவாகத்தான் எழுதினேன். முழுவதையும் வாய்விட்டுப் படித்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தக் கடைசி வரி வேண்டாம் மச்சான்.”

“ஏன் மாப்ள, கேக்குறதுதானே.”

“முதலாளி அதத்தான் முதல்ல பாப்பாக. மருந்து ரூமுக்கு வர்றவன் இப்பவே வெளிய போக வழி கேக்குறானாம்பாக. பெறகு அந்த வேலையும் இருக்காது. இந்த இருமலோட நான் எங்க போவேன்?”

அம்மிச் சத்தம் நின்றிருந்தது.

அடித்துத் திருத்திய கடிதத்தை நான் அனுப்புவதில்லை. மண்டியில் பழகிய பழக்கம். வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் முழுவதையும் மறுபடி எழுதினேன். மாப்பிள்ளை அடியில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டார். போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கேட்டார்.

“மதினி, அண்ணன் சட்டை ஏதும் இருக்கா? என்னுது கிழிச்சாச்சு.”

உள்ளே பெட்டி திறக்கிற சத்தத்தோடு பதில் வந்தது. “இருக்கு.”

சோலையம்மாள் எழுந்து வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, வெறும் தாளில் விரலை வைத்தாள்.

“முந்தி எழுதுனது இங்கன வரைக்கும் வந்துச்சுல்ல?”

“ஆமா தாயி.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் விரலில் பட்ட மையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வரும்போது விரல் நுனியில் நாலு சோற்றுப் பருக்கை இருந்தது. நான் மடித்து உள்ளே வைத்த கவரை வாங்கி, பருக்கையை ஓரத்தில் நசுக்கித் தேய்த்து, தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் மேல்விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டினேன்.

இருட்டுவதற்குள் ரயிலடிக்கு நடந்துபோய், தபால் எடுக்க ஆள் வருவதற்கு முன்னால் பெட்டியில் போட்டேன். பெட்டி நிறைந்திருக்க வேண்டும், கவர் விழுந்த சத்தம் கேட்கவில்லை.